சுருட்டுத் துரை காட்டிய திசை

2006 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். பனி இறங்கியிருந்தது. வடகிழக்கிலிருந்து லேசான குளிர்காற்று. மப்ளர் இல்லாமல் வந்திருந்தால் காது வலி நிச்சயம். செகந்திராபாத்தில் ‘சுட்ட தொர’ சிலையைப் பீடத்திலிருந்து இறக்கும் வேலை அந்த நேரத்துக்குத்தான் தொடங்கியது. ஐந்தரைக்கு என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அதை நம்பி ஐந்து மணிக்கே போய் நின்ற ஒரே ஆள் நான்.

மேம்பாலம் வருகிறது. மேற்கே ஹைடெக் சிட்டிக்குப் போகிற கார்களெல்லாம் அந்த நாற்சந்தியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. என் மகனின் காரும் அவற்றில் ஒன்று. தினமும் சராசரியாகப் பதினெட்டு நிமிடம் நிற்கிறான். சிலை இறக்குவதைப் பார்க்க வருகிறாயா என்று கேட்டேன். “சண்டேவாவது தூங்க விடுங்கப்பா” என்றான்.

சிலை ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரியுடையது. குதிரைமேல் உட்கார்ந்திருப்பார். யார், என்ன பெயர் என்பது தெரியாது. சுதந்திரம் வந்த சூட்டில் பீடத்திலிருந்த எழுத்துகளை யாரோ கொத்திவிட்டார்கள். நீட்டிய வலது கையில் ஒரு பிரம்பு இருந்ததாம். அது திருட்டுப் போய்விட்டது. இரண்டு விரல்கள் மட்டும் சற்றே பிரிந்து, எதையோ இடுக்கிக்கொள்ளக் காத்திருப்பதுபோல நிற்கும். புகைக்க ஏதாவது கொடு என்று வழிப்போக்கனிடம் கேட்கிற கை. தெலுங்கில் சுருட்டுக்குச் ‘சுட்ட’ என்று பேர். அப்படித்தான் சுட்ட தொர ஆனார். பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரயில்வே வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த நம் தமிழ் ஆட்களுக்கு அவர் சுருட்டுத் துரை.

அவரைப் பற்றிய கதைகள் எனக்குத் தெரிந்து பதினான்கு. குதிரை ஒரு காலைத் தூக்கியிருப்பது மே மாத வெயிலில் தரை சுடுவதால் என்பது ஒன்று. பந்தயத்தில் தோற்றுக் குதிரையை அடகு வைத்தவர், சேட்டு வந்து பிடித்துக்கொண்டு போகாமலிருக்க இறங்காமலே உட்கார்ந்திருக்கிறார் என்பது இன்னொன்று. அன்று காலை டீக்கடைக்காரர் பதினைந்தாவதைச் சொன்னார்.

“அரே சாப், இத்தனை வருஷமா கையை நீட்டிக் கேட்டாரு. ஒருத்தனும் குடுக்கலே. ‘நக்கோ, உங்க ஊரே வேணாம்’ன்னு கெளம்பிட்டாரு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு கிரேனின் இரும்புக் கயிற்றைப் பற்றித்தான் கவலை. அது என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. ஓட்டுநரிடம் போய்க் கேட்டேன். மல்லாபூர்க்காரன், முப்பது வயதிருக்கும். முகத்தைப் பார்த்தே தமிழில் பதில் சொன்னான்.

“கயிறுலாம் தாங்கும் சார். மொதல்ல தொரைக்குக் குடுக்க வேண்டியத குடுத்துரணும். இல்லன்னா தகராறு பண்ணுவாரு.”

ஏணி போட்டு ஏறி, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் செருகினான். கூட்டம் கை தட்டியது.

“யாருப்பா உனக்கு இதைச் சொன்னது?”

“எங்க தாத்தா சார். வொர்க்‌ஷாப்ல இருந்தாரு. அந்தக் காலத்துல பொருள் எதுனா தொலஞ்சா இவருக்கு ஒரு சுருட்டு வெப்பாங்களாம். பொகை எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கம் கெடைக்குமாம். பவர்ஃபுல்லு சார் இவரு.”

புகை மேற்கே போனது. அந்தக் கதையைக் கட்டியவர் என் சித்தப்பா என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

1951இல் எனக்கு ஏழு வயது. மல்காஜ்கிரியில் ரயில்வே லைன் வீடு. ஒரு கூடம், ஒரு அடுப்படி, பின்னால் தகரம் போட்ட ஓர் இடம். அப்பா, அம்மா, சித்தப்பா, கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்ட அத்தை, நான் என்று ஐந்து பேர். அரக்கோணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பாவும் சித்தப்பாவும் வொர்க்‌ஷாப்பில் ஒரே பிரிவில் ஃபிட்டர்கள். அப்பா ஒரு நாளைக்குப் பேசுகிற சொற்களை எண்ணிவிடலாம். சித்தப்பா பேசுவதை எண்ண முடியாது.

அந்த வருடம் ஜூன் மாதம் சித்தப்பா தன் குடையைத் தொலைத்தார். சாயங்காலம் சங்கு ஊதி வீடு திரும்பும்போது, நாற்சந்தியில் கூட்டாளிகளைச் சிரிக்கவைப்பதற்காகப் பீடத்தில் ஏறி, தன் சுருட்டைத் துரையின் விரலில் செருகி ஒரு சல்யூட் அடித்தார். “தொரை அவர்களே, என் கொடை எங்க இருக்குது, கொஞ்சம் காட்டணும்!” புகை கிழக்கே போனது. கிழக்கே இருந்த டீக்கடையில் குடை இருந்தது.

அவ்வளவுதான். அடுத்த வாரம் ஒருவருக்கு ஆடு தொலைந்தது. பிறகு ஒருவரின் கோழி. பிறகு ஒரு சார்ஜ்மேனின் பல்செட். எல்லோரும் சுருட்டோடு வந்தார்கள். புகை கிழக்கே போயிற்று, பொருள்கள் கிழக்கே கிடைத்தன. மூன்று மாதத்தில் பதினொரு பொருள்கள் கேட்கப்பட்டன. ஒன்பது கிடைத்தன. மற்ற இரண்டும் கேட்டவர்களுக்கு நம்பிக்கை போதாததால் கிடைக்கவில்லை என்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னார்.

தெலுங்குக்காரர்களும் உருது பேசுகிறவர்களும் இதை வேடிக்கை பார்த்தார்கள். நம் ஆட்களால் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஊரில் எல்லைச்சாமி குதிரைமேல்தான் உட்கார்ந்திருப்பார், பெரிய மீசை வைத்திருப்பார், சுருட்டுத்தான் கேட்பார். இங்கே ஒருவர் குதிரைமேல், மீசையோடு, சுருட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். வெள்ளைக்காரராக இருந்தால் என்ன? ஆடி மாதம் அத்தை போய்க் குதிரையின் குளம்பில் குங்குமம் வைத்துவிட்டு வந்தாள். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா மட்டும், “அது வெறும் வெண்கலம்டா” என்றார். அது அவருடைய அன்றைய பேச்சில் பாதி.

சித்தப்பா விதிகளையும் போட்டார். தொலைந்த பொருளை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, மனசுக்குள்தான் கேட்க வேண்டும். சொல்லிவிட்டால் துரைக்குக் கோபம் வரும். தன்னை யாரும் குறுக்குக் கேள்வி கேட்காமலிருக்க அவர் செய்துகொண்ட ஏற்பாடு அது.

புரட்டாசி முடிகிறபோது ஒரு விடியற்காலை நான் கண் விழித்தேன். அம்மா இல்லை. அதற்கு முன் நான்கைந்து மாதமாக அவள் தகரம் போட்ட இடத்தில் தனியாகப் படுத்துக்கொண்டிருந்தாள். இருமல் எனக்குத் தூக்கம் வருவதற்கு முன்னாலும் கேட்கும், விழித்த பிறகும் கேட்கும். அன்று கேட்கவில்லை. “அரக்கோணம் போயிருக்கா. உங்க மாமா வூட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வருவா” என்றாள் அத்தை. அன்று மத்தியானம் அம்மாவின் பாயையும் தலையணையையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். மூட்டைப்பூச்சி என்றாள். வீட்டில் ஐந்து தட்டுகள் இருந்தன. அன்றிலிருந்து நான்கு.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் என்று சொல்லிச் சைக்கிளில் போக ஆரம்பித்தார். ஓவர்டைமுக்கு யாரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போவதில்லை. ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பை தொங்கும். போகும்போது கனமாக இருக்கும், வரும்போது காலியாக ஆடும். வந்ததும் வாசல் குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்ட பிறகுதான் உள்ளே வருவார்.

இதையெல்லாம் நான் பார்த்தேன். கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை. அம்மா அரக்கோணத்தில் இருக்கிறாள் என்றே நம்பினேன். நவம்பரில் பக்கத்து லைன் பையன் ஒருவன் கோலி விளையாட்டில் தோற்றுவிட்டு, “உங்கம்மா அரக்கோணத்துல இல்லடா. எங்கியோ காணாமப் போயிட்டாங்களாம்” என்றான். காணாமல் போவது வேறு விஷயம். காணாமல் போனால் யாரிடம் கேட்க வேண்டும் என்பது எங்கள் லைனில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

சித்தப்பாவிடம் ஒரு சுருட்டு கேட்டேன்.

“இன்னாடா தொலைச்ச?”

“சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்ன.”

அவருக்கு ஒரே பெருமை. மறுநாள் சாயங்காலம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். வொர்க்‌ஷாப் ஆட்கள் ஆறு பேர் கூடவே வந்தார்கள். குளிர் ஆரம்பித்திருந்தது. பீடத்தில் ஏறி என்னைக் குதிரையின் தூக்கிய காலுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார். சுருட்டைப் பற்றவைத்து என் கையில் கொடுத்து, என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கினார். நானே துரையின் விரலில் செருகினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

புகை எழுந்தது, சற்றுத் தயங்கியது, மேற்கே போனது.

“பார்றா!” என்றார் சித்தப்பா. “தொரை இன்னைக்கு மேக்கால பாக்குறாரு. புச்சா கீதே! பம்பரமா? கோலியா? எதுவானாலும் கெடச்சுதுன்னு வெச்சுக்கோ.”

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள்.

“அப்ப அம்மா அரக்கோணத்துல இல்லையா, சித்தப்பா?” என்றேன். “மெட்ராஸ் வண்டி அந்தப் பக்கம்தானே போவுது?” கிழக்கே கை காட்டினேன்.

அந்த ஆறு பேரில் ஒருவர்கூட அப்புறம் சிரிக்கவில்லை. ஒருவர் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். சித்தப்பா என் இடுப்பைப் பிடித்திருந்த கை இறுகியது. வலித்தது. பிறகு என்னைத் தரையில் இறக்கிவிட்டு, திரும்ப ஏறி, சுருட்டைப் பிடுங்கிக் காலால் நசுக்கினார்.

“டேய், இது பொய்டா. எல்லாம் நான் கட்டிவுட்டது. பொகைக்கு இன்னாடா தெரியும்? காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் போவுது. மழைக்காலத்துல அப்பிடி அடிச்சுது, இப்ப இப்பிடி அடிக்குது. அவ்ளோதான்.”

“அப்ப என் ஆடு?” என்றார் ஆட்டுக்காரர்.

“உன் ஆடு தானா வூட்டுக்கு வந்துதுய்யா! நம்ம வூடெல்லாம் அந்தப் பக்கம்தானே கீது!” சித்தப்பா கத்தினார். அவர் குரல் அப்படிப் போய் நான் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்தவர் ஆட்டுக்காரரின் விலாவில் ஓர் இடி இடித்தார்.

சித்தப்பா தன் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய வேடிக்கையைத் தன் கையாலேயே, அத்தனை பேர் முன்னால் உடைத்துப் போட்டார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஒன்பது பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுத்த துரை பொய் சொல்லியிருக்க வழியில்லை. ஆகவே பொய் சொல்வது சித்தப்பாதான் என்று நான் முடிவுக்கு வந்தேன். முடிவு பாதி சரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கிளம்பிப் போன பிறகு, அத்தை அடுப்படியில் இருக்கும்போது நான் வீட்டைவிட்டு வெளியே வந்தேன். நாற்சந்தி வரை தெரிந்த வழி. அங்கே துரையின் கைக்குக் கீழே நின்று, புகை போன திசையை நினைவில் வைத்து, நேராக நடந்தேன். கடைகள் முடிந்தன. ராணுவ மதில் ஒன்று வந்தது, அது முடியவே இல்லை. டாங்கா குதிரைவண்டிகள் தாண்டிப் போயின. ஒரு டாங்காக்காரர் நிறுத்தி, “கைக்கு ரோதா, பேட்டா?” என்றார். நான் அழவில்லை என்று சொன்னேன். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தபோது ஈரமாக இருந்தது.

மதிலின் கடைசியில் எதிரே ஒரு சைக்கிள் வந்தது. அப்பா. சலவைச் சட்டை. வொர்க்‌ஷாப் அந்தப் பக்கமே இல்லை, வேலைக்குப் போனவர் மேற்கிலிருந்து வருகிறார் என்பதை நான் கவனித்தேன். அவர் என்னைப் பார்த்து இறங்கவில்லை, சைக்கிள் அவரிடமிருந்து நழுவிச் சாய்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

“எங்கடா வந்த?”

“அம்மாவைப் பாக்க.”

“யார் சொன்னது இந்தப் பக்கம்னு?”

“சுருட்டுத் துரை.”

திட்டுவார் என்று நினைத்தேன். வெண்கலம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் திரும்பி, தான் வந்த பாதையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாதை மட்டும்தான் இருந்தது.

“அம்மா அரக்கோணத்துல கீறா” என்றார்.

சைக்கிளை நிமிர்த்தினார். அப்போதுதான் துணிப்பையைப் பார்த்தேன். அன்று அது காலியாக இல்லை. உள்ளே நான்கு கமலா ஆரஞ்சுகள். நான் பையையே பார்ப்பதை அப்பா பார்த்தார். தெருக்குழாய் ஒன்று இருந்தது. நான்கு பழங்களையும் எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று தடவை கழுவினார். தன் கையையும் கழுவினார். உரித்து என்னிடம் நீட்டினார். தனக்கு ஒரு சுளைகூட எடுத்துக்கொள்ளவில்லை.

சைக்கிள் பாரில் உட்கார்ந்து நான்கையும் நானே தின்றேன். சாறு முழங்கை வரை வழிந்தது. அம்மாவைத் தேடி வந்ததுகூட மறந்துவிட்டது. அந்த மாதம் முழுவதிலும் நான் சந்தோஷமாக இருந்தது அந்தச் சவாரியில்தான். இனி எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பழம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

மார்கழியில் ஒரு காலை அப்பா மொட்டையோடும் மீசையில்லாமலும் வீட்டுக்கு வந்தார். திருப்பதி போய்வந்ததாக அத்தை சொன்னாள். லட்டு இல்லை. ஏன் இல்லை என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அதன் பிறகு அவர் நாற்சந்தி வழியாக வேலைக்குப் போனதில்லை. அரை மைல் சுற்றிக்கொண்டு போனார்.

எனக்குப் பதினான்கு வயதானபோது அத்தை சொன்னாள். அரிசி புடைத்துக்கொண்டே, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். ஊருக்கு மேற்கே க்ஷயரோக ஆஸ்பத்திரி. மூன்று மாதம். அப்பா ஒரு ஞாயிறும் தவறவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று சொன்னது அம்மாவேதானாம். “அவன் ஓடி வந்து கட்டிக்குவான். எனக்குத் தள்ளிவுடத் தெரியாது. கூட்டினு வராதீங்க” என்றாளாம். வொர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சுருட்டு வைத்த அன்று கீழே நின்ற ஆறு பேருக்கும் தெரிந்திருக்கிறது. புகை போன பக்கம் சரியாக அந்த ஆஸ்பத்திரி இருந்த பக்கம். அதனால்தான் ஒருவர் தலைத் துண்டை அவிழ்த்தார்.

ஆனால் ஆரஞ்சுப் பழத்தை அத்தை சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியாது. அது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்தது, அதில் எனக்குத் தெரிந்தது பாதிதான். கொண்டுபோன பழங்கள் ஏன் திரும்பி வந்தன என்று நான் யோசிக்கவே இல்லை. முப்பத்தாறு வருடம் ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். பைசா இடித்தால் ராத்திரி தூக்கம் வராது. அந்த நான்கு பழங்களை மட்டும், என் மனைவி கடைசியாகப் படுத்திருந்தபோது, நான் நீட்டிய சுளையை அவள் வாயில் வாங்கிக்கொள்ள முடியாமல் முகத்தைத் திருப்பிய அன்றுதான் கணக்கில் கொண்டுவந்தேன். அன்று அந்த ராணுவ மதிலுக்கு அப்பால் அம்மாவுக்கு ஒரு சுளைகூட இறங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அவள் சாப்பிட முடியாததை நான் நான்கும் தின்றேன், அடுத்த ஞாயிறும் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டேன்.

ஏழு முப்பத்தைந்துக்கு கிரேன் துரையைத் தூக்கியது. கயிறு தாங்கியது. குதிரையோடு அவர் அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். கூட்டம் விசில் அடித்தது. “டாட்டா சொல்லுங்க தொரகாரு!” என்று டீக்கடைக்காரர் கத்தினார். சிகரெட் விரலிலிருந்து விழவில்லை. அவரை ஒரு லாரியில் படுக்கவைத்து, தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். போலாரம் பக்கம் ஏதோ ஒரு கிடங்குக்காம்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். இடத்தைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“பேஷன்ட்டா சாப்?”

“இல்லை.”

“யாராச்சும் அங்க இருக்காங்களா?”

மீட்டரைப் பார்த்துக்கொண்டே போனேன். ராணுவ மதில் அப்படியே இருக்கிறது. மொத்தமே இருபத்தி மூன்று நிமிடம். என் மகன் தினமும் ஆபீசுக்குப் போவது இந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான். அவனிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை. வாசலில் ஒரு காவலாளி, பார்வை நேரம் சாயங்காலம் நான்கிலிருந்து ஆறு என்றார். யாரைப் பார்க்க வேண்டும், வார்டு எண் என்ன என்று கேட்டார். சும்மா வந்தேன் என்றேன். உள்ளே ஓடு போட்ட பழைய கட்டடம் ஒன்று தெரிந்தது. ஜன்னல்களை எண்ண ஆரம்பித்தேன், பாதியில் விட்டுவிட்டேன்.

அம்மா இருந்தது அத்தனை தூரத்தில் என்று ஐம்பத்தைந்து வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு மீட்டர் ஐம்பத்திரண்டு ரூபாய் காட்டியது. திரும்பி வர இன்னொருவன் அறுபது கேட்டான். வழக்கமாக நான் பேரம் பேசுவேன், அன்று பேசவில்லை. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.